பொன்னிறக் கூடைப்பந்துத் தளம்

பகல்கனவு காண்கிறவர்களிடம் கோலம் போடச் சொல்லலாம், பாட்டுப் பாடச் சொல்லலாம். கமிட்டிக்குப் போகிற அறிக்கையை மட்டும் எழுதச் சொல்லவே கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். எழுதியவள் நான்தான்.

ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையில், வயல்களுக்கு நடுவே ஒரு தனியார் பள்ளி. பத்தாம் வகுப்பு வரைதான். அங்கே அறிவியல் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் பிரின்சிபால் சாந்தி மேடம் கூப்பிட்டார்.

“தரச்சான்று வந்தாத்தான் பிளஸ் ஒன் ஆரம்பிப்போம்னு நிர்வாகத்துல சொல்லிட்டாங்கம்மா. நம்ம பொண்ணுங்க நெறைய பேரு பட்டுக்கோட்டை பஸ்ஸுக்குப் பயந்தே பத்தாவதோட நின்னுடுதுங்க. சுயமதிப்பீட்டு அறிக்கைய நீ எழுது. உனக்குத்தான் நல்லா எழுத வரும்.”

சுயமதிப்பீடு என்றால், பள்ளி தன்னிடம் இருப்பதை இருக்கிறபடி தானே எழுத வேண்டும். பிறகு கமிட்டி நேரில் வந்து சரிபார்க்கும். “இருக்கிறபடி” என்பதை நான் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. “நல்லா எழுத வரும்” என்பது மட்டும் காதில் தேனாகப் பாய்ந்துவிட்டது.

ஸ்டாஃப் ரூம் ஜன்னலுக்கு வெளியே வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். கொக்குகள் வரப்பில் நிற்கும். மதிய நேரம் நகரவே நகராது. அந்த மயக்கத்தில் உட்கார்ந்துதான் மொத்த அறிக்கையையும் எழுதினேன். நூலகம் பற்றி, “வயற்காற்று வந்து வாசகருக்குப் பக்கம் புரட்டித் தரும்” என்று எழுதினேன். (ஃபேன் ரிப்பேர்.) விளையாட்டு வசதி என்ற இடத்தில், “மாலை வெயிலில் எங்கள் கூடைப்பந்துத் தளம் பொன்னிறமாய் மின்னும்” என்று எழுதிவிட்டு, என் எழுத்தை நானே ரசித்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன்.

அது பொய்யில்லை. சத்தியமாக மின்னும். ஏன் மின்னுகிறது என்று மட்டும் நான் யோசித்ததில்லை. எங்கள் பக்கம் சிமெண்ட் தரை எங்கே தெரிந்தாலும் அதில் நெல் காயும். ஈரப்பதம் கூடினால் கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிடுவார்கள் என்பதால், அறுவடைக் காலத்தில் பெற்றோர் எல்லோருக்கும் எங்கள் தளம்தான் களம். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. ரோட்டில் தார் இருப்பதைப்போல, தளத்தில் நெல் இருந்தது.

படித்துப் பார்த்த பி.டி. மாஸ்டர் குமரேசன் மட்டும் முனகினார். “மிஸ், என் கிரவுண்ட்ல நெல்லுதான் விளையாடுது. அதப் போயி பொன்னிறம்ங்கிறீங்களே?”

ரசனையில்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

கமிட்டி புரட்டாசியில் வந்தது. குறுவை அறுவடை உச்சத்தில் இருந்தது. அன்று ஒருநாள் நெல் கொண்டுவர வேண்டாம் என்று மேடம் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். மாஸ்டர் தளத்தைக் கழுவி, கோடுகளுக்கு வெள்ளையடித்திருந்தார். நான் பட்டுப்புடவையில் இருந்தேன். (கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருந்ததாகப் பின்னால் சொன்னார்கள்.)

கமிட்டியின் தலைவி கோயம்புத்தூர்க்கார அம்மா. மூக்குக் கண்ணாடி, அளந்த பேச்சு. என் அறிக்கையைப் புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார். “பொன்னிறமாய் மின்னும்னு போட்டிருக்கீங்க. என்னங்க, செயற்கைத் தரையா? நேர்ல பார்க்கலாமா?”

வராந்தாவுக்குப் போனோம். நாங்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ ஒருவர் வீட்டு நெல், டிராக்டரில் வந்து இறங்கிவிட்டது. மேடம் சொன்னது அவர் காதுக்கு எட்டவில்லை போலும். வாட்ச்மேனும் வழக்கம்போல் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். புதுக் கோடுகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. தளம் முழுக்க, நான் எழுதியபடியே, பொன்னிறம்.

“இதுங்களா?” என்றார் அந்த அம்மா.

“ஆமா மேடம்” என்றேன். அந்த நிலையிலும் என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அப்போது இடி இடித்தது.

டெல்டாக்காரர்களுக்கு நெல் காயும்போது இடி கேட்டால் மூளை வேலை செய்யாது, கால்தான் வேலை செய்யும். வகுப்புகள் எல்லாம் திறந்துகொண்டன. பிள்ளைகள் பரீட்சை அட்டையும் துடைப்பமுமாகப் பாய்ந்தார்கள். சாந்தி மேடம் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். மாஸ்டர் படுதாவை இழுத்துக்கொண்டு வந்தார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தேன். கையில் எது இருந்ததோ அதை வைத்து நெல்லைத் தள்ளினேன். கெட்டி அட்டை, கனமான பைண்டிங். நெல் தள்ள அவ்வளவு வாகாக இருந்தது. குவித்து, படுதா போட்டு மூடியபின்தான் பார்த்தேன். அது வராந்தாவுக்கு வரும்போது அந்த அம்மா என்னிடம் கொடுத்திருந்த கமிட்டி அறிக்கை.

வராந்தாவில் அந்த அம்மா தன்னந்தனியாக நின்றிருந்தார். முழுப் பள்ளியும் மழையில் நின்றது.

சான்று கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் மேடம் முன்னால் நின்று விம்மி அழுதேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. “நெல்லு நனையலல்ல, போ” என்றார். ஆனால் அந்த ஆண்டு பத்தாவது முடித்த பெண்களில் சிலர் பஸ் ஏறவேயில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அடுத்த அறிக்கையை மாஸ்டரிடம் கொடுத்தார்கள். “கூடைப்பந்துத் தளம் ஒன்று. வளையம் இரண்டு. அறுவடைக் காலத்தில் நெல் காயும். அப்போது விளையாட்டு கிடையாது.” அவ்வளவுதான் எழுதினார். அதே அம்மா வந்து, அதைப் படித்து, தலையாட்டி, கையெழுத்துப் போட்டார். பிளஸ் ஒன் வந்தது. முதல் நாள் வகுப்பில் பெண்கள் பெஞ்சு நிறைந்திருந்ததை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார்.

ரசனையில்லாத அந்த மாஸ்டரைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் இந்தக் கதையைச் சொல்லாமல் காபி கொடுக்க மாட்டார். “என் அறிக்கை சான்று வாங்குச்சு. இவ அறிக்கை நெல்லு அள்ளுச்சு” என்று முடிப்பார்.

போன வாரம் எங்கள் மகள் குறுக்கே கேட்டாள்: “ரெண்டுல எதுப்பா நல்ல அறிக்கை?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “என்னுது எந்த ஆபீஸ்ல கிடக்குன்னு தெரியல. உங்கம்மாளோடத நான்தான் காயவச்சு அலமாரில வச்சிருக்கேன். பிரிச்சா இன்னும் நெல்லு கொட்டும்.”