எட்டு நிமிஷம் உட்கார முடியாத அப்பா

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மகளுக்கு வைத்த ஒரு டெஸ்ட்டில் நான் ஃபெயிலாகிவிட்டேன். இத்தனைக்கும் டெஸ்ட் எழுத வேண்டியவள் அவள். நான் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றார்கள். அந்தச் சும்மாதான் எனக்கு வரவில்லை.

நான் ஏர்கான், அதாவது ஏ.சி., சர்வீஸ் செய்கிறவன். படிப்பு பதினாலு வயதில் உயர்நிலை இரண்டோடு நின்றது. (நின்றது என்பது மரியாதைக்காக. ஓடிவந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.) குவீன்ஸ்டவுனில் வீடு. வீட்டில் மனைவி மலர், மகள் யாழினி. இந்தக் கதை நடந்தபோது யாழினி தொடக்கநிலை மூன்றில் படித்தாள். ஒன்பது வயது.

ஒருநாள் அவளுடைய டீச்சர் எங்களை வரச்சொன்னார். யாழினி ஒரு கணக்கை ஆரம்பிப்பாளாம், பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாளாம். தண்ணீர் பாட்டில் வாரத்துக்கு ஒன்று காணாமல் போகுமாம். கெட்ட பிள்ளை இல்லை, ஆனால் எல்லாரும் முடித்த பிறகு தன் நோட்டைப் பார்த்து, "எனக்கு மட்டும் ஏன் முடிய மாட்டேங்குது?" என்று அழுகிறாள் என்றார். அந்த அழுகைதான் எங்களை மருத்துவமனைக்கு அனுப்பியது.

ஏ.டி.ஹெச்.டி. இருக்கலாம் என்றார் டாக்டர். கவனத்தை ஓர் இடத்தில் நிறுத்துவது, உடம்பைச் சும்மா வைத்திருப்பது, சட்டென்று செய்துவிடாமல் ஒரு நொடி பொறுப்பது, இதெல்லாம் சில பிள்ளைகளின் மூளைக்கு மிகவும் கஷ்டமான வேலை. அறிவு குறைவு என்று அர்த்தமில்லை. இது ஏன் வருகிறது, எந்தப் பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை உதவுகிறது என்று அங்கே ஓர் ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. சேர்ந்தால் சில டெஸ்ட்டுகள் வைப்பார்கள். அதைப் பார்த்து யாழினிக்கு என்ன உதவி தேவை என்றும் சொல்வார்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஆராய்ச்சியே தேவைப்படவில்லை. சாக்லேட்தான் காரணம் என்றார் ஒருவர். ஃபோன் என்றார் இன்னொருவர். அப்பா கொடுக்கிற செல்லம் என்றார் மூன்றாமவர். அது எனக்கு வலித்தது. யாழினி டெஸ்ட்டில் பாஸாகி எல்லார் வாயையும் அடைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இந்த ஊரில் டெஸ்ட் என்ற சொல் பெற்றோர் காதில் விழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். டியூஷன் தேடினேன். ஏ.டி.ஹெச்.டி. டெஸ்ட்டுக்கு எங்கேயும் டியூஷன் இல்லை. பயிற்சி செய்து பார்க்க அசஸ்மெண்ட் புத்தகமும் இல்லை. (கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.) கடைசியில் ஜாலான் புசாரில் நான் பைப் வாங்கும் கடையில் ஓர் அண்ணன் கை கொடுத்தார். அவர் மகன் அந்த மாதிரி டெஸ்ட் செய்தவனாம். கம்ப்யூட்டரில் எழுத்து எழுத்தாக வரும், எல்லாவற்றுக்கும் பட்டனை அழுத்த வேண்டும், எக்ஸ் வந்தால் மட்டும் அழுத்தக் கூடாது.

எனக்கு அது போதும். அட்டைகளில் எழுத்துகளை எழுதினேன். இரண்டு வாரம் சமையலறை மேஜையில் கோச்சிங். நான் அட்டையைக் காட்டுவேன், யாழினி வலது கையால் மேஜையைத் தட்டுவாள். இடது கை ஆடிக்கொண்டே இருந்ததால், அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்காரச் சொன்னேன். கஷ்டமா இருக்கா என்று யார் கேட்டாலும் ஓகே என்று சொல்ல வேண்டும் என்பது தனிப் பாடம். (நடுநடுவே நான் எழுந்து போய்க் குழாயை இறுக்குவேன், ஃபேனைத் துடைப்பேன். அட்டை காட்ட ஆள் இல்லாமல் அவள் உட்கார்ந்திருப்பாள். அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.)

மலர் மட்டும் சொன்னாள். "டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஜுரத்தை மறைச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்குங்க, நீங்க பண்றது."

பெற்றோருக்கும் ஒரு படிவம் தந்திருந்தார்கள். பிள்ளை பொருள்களைத் தொலைப்பாளா? ஒருபோதும் இல்லை என்று டிக் போட்டேன். இடத்தைவிட்டு எழுந்துவிடுவாளா? ஒருபோதும் இல்லை. கடைசிக் கேள்வி வரை அதே டிக். நிரப்பி முடித்துப் படித்தபோது அதில் இருந்தது யாழினியே இல்லை, ஏதோ ஒரு சிலை.

டெஸ்ட் நடத்தியவர் நிஷா என்ற இளம்பெண், ஆராய்ச்சிக் குழுவில் ஒருவர். "அங்கிள், நீங்க பின்னாடி உட்காருங்க. ட்வென்டி மினிட்ஸ்தான். பேசக் கூடாது, எழுந்திரிக்கக் கூடாது. ஓகே லா?" என்றார். இது ஒரு பெரிய விஷயமா என்பது போலத் தலையாட்டினேன். அவர் பக்கத்து அறைக்குப் போய் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மூன்று நிமிஷம் நான் தவத்தில் இருந்தேன். நான்காவது நிமிஷம் சுவரில் இருந்த ஏர்கானிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப் அடைத்திருக்கிறது என்று என் காது சொன்னது. கால் ஆடத் தொடங்கியது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மகள் மேலேயே கொட்டப் போகிறது என்று எனக்கு நானே ஓர் ஆபத்தை உண்டாக்கிக்கொண்டேன். பன்னிரண்டாவது நிமிஷம் நாற்காலியில் ஏறி நின்றேன். (செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன், அதையாவது கவனியுங்கள்.) மூடியைத் தூக்கி, உள்ளே தண்ணீர் சேரும் தட்டை லேசாகத் தொட்டேன்.

லேசாகத்தான் தொட்டேன். அது மொத்தமாகச் சாய்ந்தது. பல மாதத்துத் தண்ணீரும் ஜெல்லி மாதிரி அழுக்கும் என் தலையில் இறங்கி, பக்கத்து மேஜையில் இருந்த படிவத்தின் மேல் கொட்டின. அந்தச் சிலைப் பிள்ளை அங்கேயே கரைந்து போனாள்.

யாழினி திரும்பவில்லை. கண் திரையில், விரல் பட்டனில். திரையின் மூலையில் மீதி நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. உக்காருங்க."

நிஷா துண்டோடு ஓடிவந்தார். டெஸ்ட்டை நிறுத்தி, என்னைத் துடைக்கச் சொல்லிவிட்டு, இவ்வளவு நடந்தும் அசையவில்லையே என்று யாழினியைப் பாராட்டினார். அவளும் பெருமையாக, வீட்டில் இரண்டு வாரம் பிராக்டிஸ் செய்தோம் என்று சொல்லிவிட்டாள். நிஷாவின் முகம் மாறியது. கஷ்டமாக இருந்ததா என்று கேட்டார்.

யாழினி என்னைப் பார்த்தாள். பிறகு தொடைக்கு அடியிலிருந்து இடது கையை எடுத்து நீட்டினாள். விரல்கள் சிவந்திருந்தன. "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு அக்கா. ஆனா ஓகேன்னு சொல்லணும்னு அப்பா சொன்னாங்க."

தலையில் கொட்டிய தண்ணீர் அப்போதுதான் எனக்குக் குளிர்ந்தது.

நிஷா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அங்கிள், இது பாஸ், ஃபெயில் பார்க்குற டெஸ்ட் இல்ல. அவளுக்கு எங்க கஷ்டம்னு தேடுறோம். நீங்க அதையே ஒளிச்சு வச்சிட்டா நாங்க எதைத் தேடுறது?"

பழகிவிட்டு வந்து செய்த டெஸ்ட் ஆராய்ச்சிக்கும் உதவாது, யாழினிக்கும் உதவாது. மறுபடி செய்ய மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். என் கெட்டிக்காரத்தனத்தால் என் மகள் இன்னும் மூன்று மாதம் நோட்டைப் பார்த்து அழ வேண்டும். எனக்கு அங்கேயே தரையில் உட்காரத் தோன்றியது. (தரையும் ஈரம்.)

புதுப் படிவம் தந்தார்கள். அதோடு, பெற்றோரின் சின்ன வயதைப் பற்றியும் ஒரு தாள். வகுப்பில் உட்கார முடிந்ததா? ஆரம்பித்ததை முடித்தீர்களா? நான் வகுப்பில் இருந்ததைவிட வெளியே நின்ற நேரம் அதிகம். வீட்டில் அரைகுறையாகக் கழற்றிப் போட்ட ஃபேன் மட்டும் மூன்று இருக்கிறது. இந்த முறை உண்மையாக டிக் போட்டேன். போடப் போட, சின்ன வயதில் எனக்காக யாரும் இப்படிக் கேட்டதே இல்லையே என்று தோன்றியது.

இதை எதற்குக் கேட்கிறார்கள் என்றேன். ஏ.டி.ஹெச்.டி.க்கு ஒரே காரணம் கிடையாது, பல சேர்ந்து வருகிறது, பல குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகிறது என்றார் நிஷா. சாக்லேட்டாலும் செல்லத்தாலும் வருவதில்லை. மிச்சம் இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது, அதனால்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

"அப்ப அப்பாவுக்கும் டெஸ்ட் வைப்பீங்களா?" என்று கேட்டாள் யாழினி.

நிஷா மூடியில்லாத ஏர்கானை அண்ணாந்து பார்த்தார். "அங்கிளுக்கு வச்சாச்சுன்னு நினைக்கிறேன்."

மூன்று மாதம் கழித்து, ஒரு பாடமும் எடுக்காமல், யாழினியை யாழினியாகவே கூட்டிப் போனோம். ஏ.டி.ஹெச்.டி.தான் என்று உறுதியானது. முதலில் எனக்கும் மலருக்கும்தான் வகுப்பு நடந்தது: ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்வது, செய்து முடித்ததும் பாராட்டுவது. டீச்சர் அவளுக்கு வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்தார், நடுவில் எழுந்து நடக்கவும் விட்டார். பிறகு டாக்டர் ஒரு மாத்திரையும் கொடுத்து, அளவைப் பார்த்துப் பார்த்து மாற்றினார். எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை தேவைப்படாது, இவளுக்கு உதவியது. "முன்னாடி தலைக்குள்ள சாயங்காலக் கூட்ட நேரத்து டோபி காட் ரயில் ஸ்டேஷன் மாதிரி இருக்கும்பா. இப்ப எல்லாரும் வரிசையா வர்றாங்க" என்றாள். இன்றைக்கும் பாட்டில் தொலைக்கிறாள். ஆனால் நோட்டைப் பார்த்து அழுவதில்லை.

இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. போன மாதம் லிட்டில் இந்தியாவில் ஒரு மண்டபத்தில் மலருடைய தம்பிக்குக் கல்யாணம். தாலி கட்டும் நேரம் பார்த்து, மணமேடைக்கு மேலே இருந்த ஃபேன் கடகடவென்றது. என் கால் ஆடியது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். எதிர்வரிசையில் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்த யாழினி எட்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்த எட்டுக்கு அர்த்தம் தெரியும். மாப்பிள்ளை உட்பட எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

உட்கார்ந்தேன்.

(ஏழு நிமிஷம்.)