குடி இருப்போர் சங்கம்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மூட்டுவலியும் நலம். அங்கு நீங்களும் என் மகளும், முதல் பல் முளைத்துவிட்டதாக நீங்கள் ரகசியமாகத் தெரிவித்த என் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் டைரியில் கிழித்துக் கொடுத்த முகவரிக்கு நேற்றுப் போய்விட்டேன். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு நான் போதையில் தூங்கிப்போன அந்த மத்தியானத்துக்குப் பிறகு, குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற இடத்துக்குப் போய், எழுந்து நின்று வாய்விட்டுச் சொன்னால்தான் வீட்டுக்குள் விடுவேன் என்று உங்கள் மனைவி சொல்லியிருந்தாள் அல்லவா? சொல்லிவிட்டேன். எங்கே சொன்னேன் என்பதில்தான் ஒரு சின்னச் சிக்கல்.

பதினோரு நாளாக நான் தொடவில்லை. தொடாதவனுக்கு உலகம் எப்படித் தெரிகிறது தெரியுமா மாப்பிள்ளை? எல்லாம் கொஞ்சம் தள்ளி, மெதுவாக நடக்கிறது. பஸ் ஜன்னலில் வெயில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய், திரும்பி நடந்து அந்தக் கட்டடத்துக்கு வந்தால், எல்லாக் கதவும் ஒரே நீலம். கீழே முதல் கதவைத் தள்ளினேன். பதினைந்து பேர் தரையில் மல்லாந்து கண்மூடிக் கிடந்தார்கள். நம்மைவிட முற்றிய கேஸ் போலிருக்கிறதே என்று பரிதாபப்பட்டு, ஓரமாக நானும் படுத்தேன். ஒரு பெண் குரல் கடல் அலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடினால் பேத்தி அலைமேல் தவழ்ந்து தவழ்ந்து வருகிறாள். விழித்தபோது பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அது யோகா வகுப்பாம். என் குறட்டையில் நாலு பேருக்கு மூச்சுப்பயிற்சி கெட்டுப்போனதாம்.

பிறகு மூன்றாவது மாடி. ஒரு கதவில் தாள் ஒட்டியிருந்தது: 'குடி இருப்போர் சங்கம். தண்ணி பிரச்சினை பற்றிப் பேச வாரீர்.' 'குடி'க்கும் 'இருப்போர்' என்பதற்கும் நடுவே தாராளமாக இடம் விட்டு எழுதியிருந்தார்கள். இவ்வளவு வெளிப்படையாகவா போடுவார்கள் என்று தோன்றியது. ஆனால் நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தப் புரூஃப் பார்த்தவனுக்கு எழுத்துத்தான் கண்ணில் படும், பொருள் படாது. 'தண்ணி'க்குப் பக்கத்தில் 'ப்' விட்டுப்போனது உறுத்த, பேனாவை எடுத்து அதைப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

கழுத்தில் அளவு டேப்போடு ஒரு தையல்கார அம்மா தலைமை தாங்கினார். என் முறை வந்தது. எழுந்தேன்.

"எனக்குத் தண்ணிப் பிரச்சினை இருக்குங்க. இருபத்திரண்டு வருஷமா" என்றேன்.

தங்களுக்கு இரண்டே மாதம்தான், அதற்கே நாக்குத் தள்ளுகிறது என்றார் ஒருவர். எந்த நேரத்தில் என்று விசாரித்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, ஆரம்பித்தால் நிற்காது என்றேன். உங்கள் பக்கம் தேவலையே என்று ஒரு பெரியவர் பொறாமைப்பட்டார்.

"வீட்ல என்ன சொல்றாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"பொண்ணு பேசறதில்லம்மா. பேத்தியக் கையில தரமாட்டேங்கறா. நியாயம்தான். என் கைய நானே நம்பறதில்ல."

தண்ணீருக்கும் பேத்திக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். இப்போது நிலைமை எப்படி என்றார்கள். பதினோரு நாளாக ஒரு சொட்டுக்கூட இல்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. கைதட்டுவார்கள் என்று பார்த்தால், அடப்பாவமே என்று அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். நாளைக்கே என் வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நிற்கும் என்று ஒருவர் வாக்குக் கொடுத்தார். ஒரு லாரி, மாப்பிள்ளை! இது என்ன வைத்தியம் என்று எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் குழாய், மோட்டார் என்று பேச்சுப் போனபோதுதான் விளங்கியது. தங்களுக்கே இல்லாதவர்கள், கிளம்பும்போது இருந்த ஒரு கேன் தண்ணீரையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது இப்போது மேசையில் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் அதற்குள் புகுந்து சுவரில் ஆடுகிறது. காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு, அதையே குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆக, கூட்டத்துக்குப் போனேன், எழுந்தேன், சொன்னேன். எந்தக் கூட்டம் என்று என் மகளிடம் விவரம் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் வரலாமா என்று, அவள் நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்துக் கேட்டு எழுதவும். உங்கள் மூவருக்கும் என் ஆசிகள். புதிய பல்லுக்குத் தனியாக ஒன்று.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: பிழை திருத்தம். மேலே 'பதினோரு நாள்' என்று வருகிற இடமெல்லாம் 'நான்கு நாள்' என்று திருத்தி வாசிக்கவும். 'குடி இருப்போர்' என்று நடுவே இடம் விட்டது நான். தாளில் சேர்த்துத்தான் எழுதியிருந்தார்கள். குடியிருப்பவர்களின் கூட்டம் என்று பார்த்ததுமே தெரியும். 'ப்' போட்டது நிஜம். யோகா வகுப்பில் மட்டும் உண்மையிலேயே தவறி நுழைந்தேன். மூன்றாவது மாடியில் சங்கத்துக்கு எதிர்க் கதவு, நீங்கள் எழுதித் தந்த அதே அறை, திறந்திருந்தது மாப்பிள்ளை. உள்ளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள், ஒன்று காலி. வாசலில் நின்றவர் என்னைப் பார்த்து "வாங்க" என்றார், ரொம்ப நாள் தெரிந்தவர் மாதிரி. பயந்துபோய் இந்தப் பக்கம் நுழைந்துவிட்டேன். இவர்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில்தான் வாய் திறந்தது. ஆனால் அந்த நாள் கணக்கைத் தவிர, அங்கே சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. என் மகளிடம் மேலே உள்ளதைக் காட்ட வேண்டாம், இதை மட்டும் கிழித்துக் கொடுங்கள். எதிர் அறையில் தினமும் ஐந்து மணிக்குக் கூடுகிறார்கள். இப்போது நாலரை. தபால் பெட்டி போகிற வழியில்தான் இருக்கிறது.