கப்பலில் பிரேக் இல்லை

என் மனைவிக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருவதில்லை என்பது நான் இருபத்திரண்டு வருடங்களாகக் கட்டிக் காத்துவந்த கொள்கை. எனக்கென்று இருந்த கொள்கை அது ஒன்றுதான் என்பதால் அதை மிகவும் பத்திரமாக வைத்திருந்தேன்.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஊரில் பாதிப் பேர் என்னிடம் ஓட்டக் கற்றவர்கள். மீதிப் பேர் அவர்களுக்குப் பயந்து சுவரோரமாக நடந்து போகிறவர்கள். பல் டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்துகொண்ட கணக்கு வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மனைவிக்கு மட்டும் கிடையாது.

காரணம் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்று தயாராக இருந்தது. என் காரில் ஏறினால் மூன்றாவது கிலோமீட்டரில் அவளுக்குத் தலை சுற்றும், ஐந்தாவதில் வாந்தி. உட்கார்ந்து வரவே முடியாதவள் எப்படி ஓட்டுவாள்? கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

உண்மைக் காரணம் வேறு. வீட்டில் சமையலறை அவளுடையது. பீரோ அவளுடையது. டிவி ரிமோட்டும் அவளுடையது. ஸ்கூல் ஆபீஸில் ரெஜிஸ்டரும் ஃபோனும் ஃபாரங்களும் அவள் பொறுப்பு. என் சட்டைப் பையில் மிச்சம் இருந்தது கார் சாவி ஒன்றுதான். அவளுக்குக் கடைக்கோ தங்கை வீட்டுக்கோ போகவேண்டுமென்றால் என்னிடம் வந்து, கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டாக வேண்டும். நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். பேப்பரில் ஒரு பக்கம் புரட்டிவிட்டு, பார்க்கலாம் என்பேன். இருபத்தைந்து வருட இல்லறத்தில் நான் முதலாளியாக இருந்தது அந்த ஒரு பக்கம் புரட்டும் நேரம் மட்டுமே. அதை இழக்க நான் தயாராக இல்லை.

எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருடத்துக்கு மகள் ஒரு பரிசு அனுப்பினாள். நாலு நாள் கப்பல் பயணம். சுற்றிலும் கடல், நடுவில் நானும் என் மனைவியும், இறங்கி ஓட வழியில்லை. பரிசா தண்டனையா என்று மகளிடம் நான் கேட்கவில்லை. மனைவியிடம்தான் வாயைக் கொடுத்தேன். அஞ்சு கிலோமீட்டர் தாங்காதவள் நாலு நாள் கடலைத் தாங்குவாளா, ஆஸ்பத்திரிக் கப்பலாகப் பார்த்து எடுத்திருக்கலாமே என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது மழைக்காலத்துக்கு மட்டும் சொன்னதல்ல.

"கப்பல்ல நாலு நாளும் ஒரு தடவைகூட வாந்தி எடுக்காம திரும்பி வந்துட்டா?" என்றாள்.

"வந்துட்டா கார் சாவிய உன் கையில குடுத்துடறேன்."

"எடுத்துட்டா?"

"இந்த ஜென்மத்துல வண்டிப் பேச்சு பேசக் கூடாது."

"குடுத்துட்டு அப்புறம் திருப்பிக் கேக்க மாட்டீங்களே?"

"குடுத்தது குடுத்ததுதான்."

என்னை ஏமாளி என்று நினைக்க வேண்டாம். எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. முதலாவது, அவள் தாங்கப் போவதில்லை. அப்படியே தாங்கினாலும் லைசென்ஸ் இல்லாதவள் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? முதுகு சொறியலாம். பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்ட திருப்தி எனக்கு.

இருந்தாலும் மூன்றாவதாக ஒரு பூட்டும் போட்டேன். எதிர் வீட்டில் கப்பல்காரர் என்று ஒருவர். முப்பது வருடம் கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பேச்சுவாக்கில், கப்பலில் எந்த இடம் அதிகமாக ஆடும் என்று கேட்டேன். மேல் தளம், அதிலும் முன்பக்கக் கடைசி அறை, அங்கே இருந்தால் ஏறி ஏறி இறங்கலாம் என்றார். மறுநாளே பயண ஏஜென்ட் ஆபீஸுக்குப் போய் மகள் எடுத்திருந்த அறையை மாற்றி, மேல் தளத்தில் முன்பக்கக் கடைசி அறையை வாங்கிவிட்டேன். மனைவியிடம், கடல் நன்றாகத் தெரியும் என்று சொன்னேன்.

"உங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே செய்யுங்க" என்றாள்.

அந்த இடத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் என் சௌகரியம் அதற்கு முன் பேச்சில் வந்ததில்லை.

எனக்கு ஏதாவது ஆகுமோ என்ற சந்தேகம் கனவிலும் வரவில்லை. முப்பது வருடமாகக் கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன் நான். கியர் போடச் சொன்னால் வைப்பரைப் போடுகிறவர்களோடு மேட்டிலும் பள்ளத்திலும் போய்வந்திருக்கிறேன். என் வயிறு இரும்பு என்று நம்பினேன்.

முதல் நாள் கடல் தட்டில் வைத்த தண்ணீர் போல இருந்தது. எனக்கு ஏமாற்றம். சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் இருந்தவர்களிடம், தலைசுற்றல் என்பதெல்லாம் மனப்பிராந்தி, மனதில் உறுதி இருந்தால் போதும் என்று அரை மணி நேரம் பேசினேன். மனைவி என் பேச்சைக் கேட்டுக்கொண்டே காய்ந்த பிஸ்கெட் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள். மீந்ததை எடுத்து வைக்கும் புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை கண் விழித்தபோது என் கால் இருந்த இடத்தில் தலையும் தலை இருந்த இடத்தில் காலும் இருந்தன. உண்மையில் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. கப்பல்தான் மாறி மாறி நின்றது. அறையின் முன்பக்கம் மேலே போகும். அங்கேயே நின்று யோசிக்கும். பிறகு என் வயிற்றை மேலேயே விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கீழே வரும்.

மனைவி குளித்து, தலை வாரி, புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தாள். கீழே இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் பிஸ்கெட் பையோடு கிளம்பினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் முன்னால் வாந்தி எடுக்க வெட்கப்பட்டுக்கொண்டு ஓடுகிறாள். பின்னாலேயே போய்க் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று எழுந்தேன். எழுந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

இங்கே என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாணவன் எங்கே கொண்டுபோய் முட்டினாலும் கடைசி நொடியில் மிதித்து நிறுத்துவது நான்தான். முப்பது வருடத்தில் நான் நிறுத்த முடியாத எதிலும் நான் உட்கார்ந்ததில்லை. ஆகவே கப்பல் சாயும்போதெல்லாம் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. ஐந்து தடவை மிதித்தேன். ஐம்பது தடவை மிதித்தேன். கம்பளம்தான் தேய்ந்தது. இரும்பு வயிறு என்பதெல்லாம் பொய், இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றியது பிரேக் என்று காலை எட்டரை மணிக்குப் புரிந்தது. எட்டு முப்பத்தைந்துக்கு அறையில் வைத்திருந்த காகிதப் பைகள் தீர்ந்துவிட்டன.

அறை துடைக்க வந்த பணியாளர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைப் பார்த்ததும் புதுப் பைக்கட்டு ஒன்றைத் தலையணை ஓரம் வைத்துவிட்டு, பச்சை ஆப்பிள் ஒன்றையும் வைத்தார். அம்மா கொடுத்தனுப்பியது என்றார்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். நான் அதுவரை யாரையும் இவ்வளவு ஆவலோடு நலம் விசாரித்ததில்லை.

"மூணாவது தளத்துல, நடுவுல, ஜன்னலோரமா உக்காந்திருக்காங்க சார்."

"வாந்தி?"

"இல்ல சார்."

"தலைசுத்தல்? லேசா ஒரு கிறுகிறுப்பு?"

"டிபன் ரெண்டு தடவை சாப்பிட்டாங்க சார்" என்றார்.

அந்த வார்த்தைக்கு எனக்கு மறுபடி பை தேவைப்பட்டது.

பகல் பதினொன்றுக்கு அவள் கப்பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கப்பல் அந்தப் பக்கம் சாய்ந்தால் இவள் இந்தப் பக்கம் சாய்ந்து, ஒரு சுவரையும் பிடிக்காமல் நடந்து வந்தாள். டாக்டர் என் நாடியைப் பிடித்தபடி, இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார். எனக்கு வராது, இவளுக்குத்தான் வரும் என்று படுத்தபடியே சொன்னேன். டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்போம்மா வரும்?"

"இவர் கார் ஓட்டினா வரும் டாக்டர்."

"பஸ்ல?"

"வராது."

"வேற யாராவது கார் ஓட்டினா?"

"வரவே வராது. இவர் ரோட்டுல காக்கா உக்காந்தாலும் பிரேக் போடுவார்."

டாக்டர் ஊசி மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றினார். அவர் தோள் குலுங்கியது கப்பல் ஆட்டத்தால் என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இருபத்திரண்டு வருடக் காரணம் ஒரே நிமிடத்தில் கடலோடு போய்விட்டது. வலித்தது ஊசி குத்திய இடமல்ல.

ஊசி போட்டதும் இருவரும் என்னைத் தாங்கிப் பிடித்து மூன்றாம் தளத்துக்கு இறக்கினார்கள். அங்கே நடுக்கூடத்தில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, அலையைப் பார்க்காதீர்கள், தூரத்தில் வானம் தொடும் கோட்டையே பாருங்கள் என்றாள் மனைவி. பார்த்தேன். அரை மணியில் வயிறு என்னிடம் திரும்பி வந்தது. நெற்றியைத் துடைத்துவிட்டாள், ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள்மேல் பிரியமாகவும் இருந்தது. இவ்வளவு நல்லவளிடம் சாவியைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்ற துக்கமும் கூடவே இருந்தது.

கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் ஆட்டம் குறைவு என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். கப்பல்காரர்தான் என்றாள்.

"எங்க ஆடாதுன்னு கேட்டேன். அவர் சிரிச்சார். உங்க வீட்டுக்காரர் நேத்து எங்க அதிகமா ஆடும்னு கேட்டுட்டுப் போனார், நீங்க எங்க ஆடாதுன்னு கேக்கறீங்க, ரெண்டு பேரும் ஒரே கப்பல்லதானே போறீங்கன்னார்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

"நீங்க ஆசைப்பட்டு எடுத்த ரூமாச்சே."

மிச்ச இரண்டு நாளும் நான் அந்த நாற்காலியில் வானக் கோட்டைப் பார்த்தபடி கழித்தேன். மேல் அறைக்கு ராத்திரி தூங்கப் போனது அவள் மட்டும்தான். கடல் நன்றாகத் தெரிகிறதாம்.

நாலாம் நாள் துறைமுகம். கார் நிறுத்துமிடத்தில் எங்கள் வண்டி தூசி படிந்து நின்றது. நான் தோற்றவன் போல முகத்தைத் தொங்கப்போட்டு வைத்திருந்தாலும் உள்ளுக்குள் தெம்பாகவே இருந்தேன். என்னுடைய இரண்டாவது பூட்டு இன்னும் திறக்கப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, இரு கையாலும் அவளிடம் நீட்டினேன்.

"இந்தா. சொன்ன சொல் மாறாதவன் நான். ஆனா லைசென்ஸ் இல்லாம ஓட்டினா போலீஸ் பிடிப்பான். கத்துக்க எப்படியும் ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வேணும்னா நானே..."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு சிறிய அட்டையை எடுத்துக் காட்டினாள். லைசென்ஸ். அவள் படம், அவள் பெயர். வழங்கிய தேதியைப் பார்த்தேன். பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"யார் சொல்லிக்குடுத்தது?" என்றேன்.

பெண்களுக்குச் சொல்லித்தர நான் வேலைக்கு வைத்திருக்கும் டீச்சரம்மாவிடம் கற்றாளாம். என் ஸ்கூலில், என் வண்டியில், நான் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில். பயிற்சி முடித்ததற்கு ஸ்கூல் உரிமையாளரின் சான்று இல்லாமல் லைசென்ஸ் கிடைக்காதே என்று கேட்டேன். அது ஒன்றுதான் எனக்குத் தோன்றிய கடைசிப் பிடி.

"நீங்கதாங்க குடுத்தீங்க. மாசக் கடைசியில நாப்பது ஃபாரம் கொண்டாந்து வைப்பேன்ல, பேப்பர் படிச்சுக்கிட்டே வரிசையா கையெழுத்துப் போடுவீங்களே. அதுல ஒண்ணு என்னுது. 'என் நேரடி மேற்பார்வையில் கற்றவர், நன்றாக ஓட்டுகிறார்'னு போட்டிருக்கீங்க."

"பதினாலு மாசமா ஏன் சொல்லல?"

"லைசென்ஸ் வாங்கறது சுலபங்க. சாவி வாங்கறதுதான் கஷ்டம்."

பெட்டிகளைப் பின்னால் ஏற்றினேன். அவள் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, பெல்ட் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து வண்டியை எடுத்தாள். நாற்பது கிலோமீட்டர். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு திடீர் பிரேக் இல்லை, ஒரு காக்காய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தப்பாவது கண்டுபிடிக்கலாம் என்று வழி நெடுக உன்னிப்பாகக் கவனித்தேன். சான்றில் நான் எழுதியிருந்தது அத்தனையும் உண்மை.

வீட்டு வாசலில் கோடு போட்ட மாதிரி வண்டியை நிறுத்தினாள். இறங்கி, கதவைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு என்னிடம் மிகவும் கனிவாகச் சொன்னாள்.

"இனிமே உங்களுக்கு எங்கயாவது போகணும்னா முதல் நாளே சொல்லிடுங்க. எனக்கும் ஆயிரம் வேலை இருக்கும்ல."