மாப்பிள்ளைக்குக் கை சரியில்லை

"என்னங்க, கார் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது!" என்று வாசலிலிருந்து மனைவி குரல் கொடுத்தார்.

"ஆகாது. பேட்டரி என்கிட்ட இருக்கு," என்றார் பல் டாக்டர், கூடத்திலிருந்து.

மனைவி குடையும் பையுமாக உள்ளே வந்து பார்த்தார். காரின் பேட்டரி சாப்பாட்டு மேஜையில், புது விரிப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து இரண்டு ஒயர்கள் டாக்டரின் ரேடியோ பெட்டிக்குப் போயின.

"மலை மேல பொண்ணு நிறைமாசமா இருக்கா. போன் செத்துப்போச்சு. கரண்ட் இல்லை. மண்சரிவுன்னு வேற சொல்றாங்க. நான் கிளம்பி நிக்கிறேன், நீங்க காரைப் பிரிச்சு வச்சுக்கிட்டு விளையாடுறீங்களா?"

"ரோடே இருக்கோ இல்லையோ, கார்ல எங்க போவே? இந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தான் நான் இத்தனை வருஷமா இதைக் கட்டிக்கிட்டு அழுறேன்."

"அழுதது நாங்க," என்றார் மனைவி.

அதில் உண்மை இருந்தது. டாக்டர் அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கியவர். பல் பிடுங்கிய நேரம் போக மீதி நேரமெல்லாம் முகம் தெரியாத மனிதர்களோடு மோர்ஸ் சங்கேதத்தில் தட்டிக்கொண்டிருப்பார். கிளினிக்கிலும் அதே பேச்சுதான். "ஆபத்துக் காலத்துல எல்லாம் போனாலும் மோர்ஸ் நிக்கும்" என்று நாற்காலியில் வாயைப் பிளந்து கிடப்பவர்களிடம் சொல்வார். அவர்களால் மறுத்துப் பேச முடியாது என்பது அவருக்குப் பெரிய வசதி.

வீட்டில் அந்த வசதி இல்லை. மகளுக்கு அந்தச் சத்தமே ஆகாது. "உங்க டிட், டாவைக் கேட்டாலே எனக்குத் தலை வலிக்குதுப்பா" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். சாத்திய கதவு வழியாகவும் அது அவள் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கோபத்தை மாப்பிள்ளை மேல் தீர்த்துக்கொண்டார் டாக்டர். பெண் கேட்டு வந்த பள்ளிக்கூட வாத்தியாரிடம், மோர்ஸ் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். அந்த அப்பாவி மனிதரும் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணினார். ஃபிரிட்ஜ் வரும் என்று காத்திருந்த புதுமணத் தம்பதிக்கு ரேடியோ பெட்டி வந்து சேர்ந்தது.

இப்போது மலையில் இருந்தது அந்தப் பெட்டிதான். டாக்டர் மைக்கைப் பிடித்து, மாப்பிள்ளையைத் தொண்டை கிழியக் கூப்பிட்டார். பதிலுக்கு ஒரே இரைச்சல்.

"இது பேசுதா, வறுக்குதா?" என்றார் மனைவி.

"ஏரியல் அறுந்திருக்கும். இரு, கட்டிட்டு வரேன்."

மொட்டை மாடியில் ஏரியல் கம்பி காற்றில் அறுந்து தொங்கியது. கட்டுவதற்கு உயரமாக ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு வக்கீலின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. எட்டி அதில் கட்டி, விறைப்பாக இருக்கட்டும் என்று ஒரு இழு இழுத்தார். கம்பி விறைப்பாக நின்றது. குழாய் கழன்றுகொண்டது.

டாக்டர் கீழே வந்து உட்காருவதற்குள் வக்கீல் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார்.

"டாக்டர்! மழைத்தண்ணி வெளியே போகுது, தொட்டித்தண்ணி என் வீட்டுக்குள்ள வருது. இதுக்கு என்ன அர்த்தம்? நான் கேஸ் போடாம விடமாட்டேன்!"

"ஷ்ஷ்!" என்று டாக்டர் கையை உயர்த்தினார்.

இரைச்சலுக்கு அடியில் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. டிட், டா, டிட். கொசு பாடுகிற மாதிரி.

"மோர்ஸ்! வக்கீல் சார், பேச்சு வரணும்னா அகலமான ரோடு வேணும். மோர்ஸுக்கு ஒத்தையடிப் பாதை போதும். இத்தனை இரைச்சல்லயும் வருது பாருங்க!"

கேட்டதையெல்லாம் டாக்டர் ஒரு மருந்துச்சீட்டின் பின்பக்கம் எழுதினார். அரைகுறை ஆங்கிலத்தில் வந்ததை உரக்கப் படித்தார். "பிரசவ வலி வந்தாச்சு. குழந்தை கால் பக்கமா திரும்பியிருக்கு. ஆஸ்பத்திரியில நர்ஸ் மட்டும். டாக்டர் வேணும்."

மனைவி கையிலிருந்த பை கீழே விழுந்தது. வக்கீலுக்குக் கேஸ் மறந்துபோனது.

"தெருக்கோடி தீயணைப்பு நிலையத்துல ஜீப் இருக்கு. நான் போறேன்," என்று குடைகூட எடுக்காமல் ஓடினார்.

டாக்டர் மோர்ஸ் கீயைத் தட்டினார். செய்தி கிடைத்தது, உதவி வருகிறது என்று தட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மோர்ஸ் தட்டுகிறவர்களுக்குக் 'கை' என்று ஒன்று உண்டு. கையெழுத்து மாதிரி ஆளுக்கு ஆள் மாறும். மலையிலிருந்து வந்த கை சகிக்கவில்லை. ஒரு வார்த்தை மின்னல் வேகத்தில் வரும். அடுத்தது பாதியில் நின்றுவிடும். அப்புறம் நீண்ட மௌனம்.

"என்ன தட்டு தட்டுறாரு உங்க மாப்பிள்ளை! எந்தக் கழுதை இவருக்குச் சொல்லிக்கொடுத்துச்சு?"

"என் மாப்பிள்ளைன்னா, உங்களுக்கு யாரு? நீங்க வச்ச பரீட்சைதானே?"

டாக்டர் பொறுக்கமாட்டாமல், 'நிறுத்தாமல் தட்டவும், கை மகா மோசம்' என்று மலைக்குத் தட்டினார். ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் உயிர் விஷயத்தில் இப்படித் தடுமாறுகிற ஆளிடமா பெண்ணைக் கொடுத்தோம் என்று அவருக்கு வயிற்றெரிச்சல். பயம் வந்தால் அவர் கோபமாகத்தான் பேசுவார்.

மேலேயிருந்து பதில் உடனே வந்தது. 'பேசாதீங்க. கேளுங்க.'

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "மாமனார்கிட்ட பேசுற பேச்சா இது?"

"அவரா அப்படிச் சொன்னாரு? நம்ம எதிர்ல உட்காரவே கூச்சப்படுவாரே," என்று மனைவி ஆச்சரியப்பட்டார்.

அதற்குள் வக்கீல் ஜீப்போடு வந்துவிட்டார். தீயணைப்பு அதிகாரி படியேறி வந்தார். ஜீப்பில், வழியில் ஏற்றிக்கொண்ட மகப்பேறு மருத்துவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், பாலத்து வழியாத்தான் போகப்போறோம். வேற ஏதாவது தகவல் உண்டா?"

சரியாக அந்த நேரத்தில் சத்தம் வந்தது. டாக்டர் எழுதினார். "பாலம்..."

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

"பாலம்னா? பாலத்து வழியா வரணுமா, வரக்கூடாதா?" என்றார் அதிகாரி.

"முடிங்க மாப்பிள்ளை, முடிங்க!" என்று டாக்டர் பெட்டியைப் பார்த்துக் கத்தினார். பெட்டியின் விளக்கு மங்கி, ஒருமுறை சிமிட்டி, அணைந்தது. திட்டித் தட்டியதில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்த எல்லாமே இருந்தது.

"வக்கீல் சார்..." என்றார் டாக்டர்.

"என் காரா? தொட்டித்தண்ணி உள்ள வந்தப்பவே வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்திட்டேன். சாவி இந்தாங்க, எடுத்துக்கோங்க."

டாக்டர் மழையில் ஓடி அந்தப் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு வந்தார். ஒயரை மாட்டியதும் விளக்கு எரிந்தது. இந்தத் தடவை அவர் எதையும் தட்டவில்லை. காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக் காத்திருந்தார். என் பெண்ணைக் காப்பாத்து, என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். யாரிடம் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

வந்தது. நடுக்கத்தோடு, எழுத்து எழுத்தாக.

"பாலம் போச்சு! குவாரி ரோட்டுல வாங்க!" என்று டாக்டர் அலறினார்.

"நல்லவேளை. நாங்க பாலத்துக்கே போயிருந்தா அங்கேயே நாள் முழுக்க நின்னிருப்போம்," என்று அதிகாரி ஓடிப்போய் ஜீப்பைக் குவாரிப் பக்கம் திருப்பினார். ஜீப் நகர வழியில்லை. வக்கீல் கொண்டுவந்து நிறுத்திய கார் தெருவை அடைத்துக்கொண்டு, பேட்டரி இல்லாமல் கல்லாகக் கிடந்தது. டாக்டர், மனைவி, வக்கீல், அதிகாரி எல்லோரும் சேர்ந்து தம் கட்டித் தள்ளினார்கள். கார் ஓரமாகப் போய்ச் சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கியது. வக்கீல் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. ஜீப் பறந்தது.

சாயங்காலம் மழை விட்டபிறகு மறுபடி மலையிலிருந்து சத்தம் வந்தது. இப்போது கை வேறு மாதிரி இருந்தது. மெதுவாக, சீராக, பணிவாக. 'பெண் குழந்தை. இருவரும் நலம். வணக்கம் மாமா.'

டாக்டர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். மனைவி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். "இனிமே நீங்க எத்தனை தட்டினாலும் நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேங்க," என்றார்.

கண்ணைத் துடைத்ததும் டாக்டருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "கவனிச்சியா? நான் திட்டின திட்டுல மாப்பிள்ளைக்குக் கை எப்படித் திருந்திடுச்சு பாரு!"

ரோடு சரியானதும் இரண்டு பேரும் மலைக்குப் போனார்கள். சின்ன ஆஸ்பத்திரி. மாப்பிள்ளை வீட்டிலிருந்து தூக்கி வந்த ரேடியோ பெட்டி கட்டில் பக்கத்து மேஜையில் இருந்தது. மகள் குழந்தையை அணைத்துக்கொண்டு சோர்வாகச் சிரித்தாள். கட்டில் ஓரமாக மாப்பிள்ளை தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார். டாக்டர் பேத்தியைத் தூக்கி, ஊருக்கே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"இந்தப் பிள்ளையை உலகத்துக்குக் கொண்டுவந்தது மோர்ஸ்தான். போன் போச்சு, பேச்சு போச்சு, மோர்ஸ் நின்னுச்சு. மாப்பிள்ளை, உங்களைப் பத்தி எனக்கு ரொம்பப் பெருமை."

"மாமா, அது வந்து..." என்று மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"இருங்க, பேசாதீங்க." வாயைத் திறந்தவர்களைப் பேசவிட்டு டாக்டருக்குப் பழக்கமில்லை. "கை கொஞ்சம் மோசம்தான். வேகமா தட்டுறீங்க, திடீர்னு பாதியில நிறுத்திடுறீங்க. ஒரு நிதானம் இல்லை. கண்ணை மூடிக்கிட்டு யார் கைன்னு சொல்ற ஆளு நான். எனக்கே கோபம் வந்துடுச்சு. ஆனா கடைசியில தட்டினீங்க பாருங்க, அது கை! நான் சொல்லிக்கொடுத்தா நீங்க இன்னும் நல்லா வருவீங்க."

மகள் குழந்தையின் போர்வையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸுக்குத்தான் அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நீங்க வேற சார்! இவர் அன்னிக்கு மழை விடுற வரைக்கும் மொட்டை மாடியில ஏரியல் கம்பியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நனைஞ்சாரு. நீங்க திட்டித் தீர்த்த அந்தக் கை இதோ இந்தக் கட்டில்ல படுத்திருந்த உங்க பொண்ணோடது, நடுநடுவுல நிறுத்துனது பிரசவ வலி வந்தப்போ மட்டும்தான்!"