வறுமைக்குப் பூட்டு

நாட்டில் ஏழைகள் எத்தனை பேர் என்று கண்டறிய வறுமை அளவீட்டுத் துறை வெகுகாலமாகப் பாடுபட்டு வந்தது. சாப்பாட்டை வைத்து அளந்தார்கள். ஏழைகள் ஏகப்பட்ட பேர் தேறினார்கள். வருமானத்தை வைத்து அளந்தார்கள், இன்னும் கூடிப்போனார்கள். கடைசியில், வெளிநாடு போய்த் திரும்பிய நிபுணர் ஒருவர் சுலபமான வழி சொன்னார். வீட்டில் பூட்டு இருந்தால் ஏழை இல்லை. பறிகொடுக்க ஏதாவது வைத்திருப்பவர்தானே பூட்டுவார்?

இந்த நுட்பம் ஒரு தெருவில் துணி தேய்த்துப் பிழைத்துவந்த இஸ்திரிக்காரிக்குத் தெரியாது. அவள் புருஷனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஏழை என்று துறை ஒப்புக்கொண்டால் ஆபரேஷன் இலவசம். ஆகவே துறையின் அதிகாரி கணக்கெடுக்க வந்த அன்று, இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. கதவில் தொங்கிய பூட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"கனமான பூட்டும்மா. உள்ளே என்ன வச்சிருக்கீங்க?"

"தேய்க்க வந்த துணி சார். காணாமப் போனா நான்தானே பதில் சொல்லணும்?"

"எத்தனை சட்டை?"

"நாப்பது இருக்கும்."

"எங்க இயக்குநர்கிட்டயே நாப்பது சட்டை கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

எதிர்வீட்டுப் பால்காரர் காதில் இது விழுந்தது. நைசாகத் தன் பூட்டைக் கழற்றித் தண்ணீர்க் குடத்தில் போட்டார். "நம்ம வீடு எப்பவும் தொறந்தேதான் சார் கிடக்கும்" என்றார். ஏழையானார். விஷயம் பரவியது. ஒரே வாரத்தில் தெருவில் பேருக்குக்கூட ஒரு பூட்டு இல்லை. இஸ்திரிக்காரியும் கழற்றிவிட்டு அதிகாரியைத் திரும்ப அழைத்தாள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "வறுமை இப்படித் தொத்து வியாதி மாதிரி பரவினா துறைக்கு என்ன மரியாதை?"

தலைமை அலுவலகம் கூடி ஆலோசித்தது. இனி கதவு இருந்தாலே ஏழை இல்லை என்று அறிவித்தது. தெருவே கதவுகளைப் பெயர்த்தது. இஸ்திரிக்காரியின் புருஷன் மட்டும் வாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்துகொண்டார். "துணிக்கு யாராவது காவல் வேணாமா? நானே கதவா இருந்துட்டுப் போறேன்" என்றார்.

அதிகாரி மூன்றாம் முறை வந்தார். இம்முறை முகத்தில் நிஜமான சந்தோஷம். "கதவற்ற கட்டுமானம் வீடாகக் கருதப்படாது. வீடற்றோர் இவ்வாய்வின் வரம்புக்குள் வாரார்" என்று வாசித்துக் காட்டினார்.

"அப்ப நாங்க யாரு சார்?"

"நீங்க கணக்குலயே இல்லம்மா. வறுமை உங்களை இனிமே தொடவே முடியாது."

மறுமாதம் இயக்குநரே நேரில் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, தேய்த்தவள் இஸ்திரிக்காரிதான். வறுமை முற்றாக ஒழிந்த முதல் தெரு இது என்று மேடையில் அறிவித்தார். முதலில் கை தட்டியவர் பால்காரர். பிறகு தெருவே தட்டியது.

"எதுக்கு இவ்வளவு சத்தம்?" என்று புருஷன் கேட்டார்.

"இந்தத் தெருவுல ஏழையே இல்லையாம்."

"என் ஆபரேஷன்?"

அவள் மேடையைப் பார்த்தபடியே அவர் கைகளைப் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்துவிட்டாள்.

"இயக்குநர் நம்ம பக்கம்தான் பாக்குறாரு. நல்லா சத்தமா தட்டுங்க. பிடிச்சுப்போனா நம்மள மட்டுமாவது ஏழையில சேர்த்துக்குவாரு."