சொட்டு மருந்து தராத ரூல்ஸ்காரர்

பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சட்டத்தையும் நம் சர்க்கார் போட்ட சட்டத்தையும் ஒருசேர மதித்த மனிதர் புதுச்சேரியில் ஒரே ஒருவர்தான். எங்கள் தெருமுனையில் கண் பரிசோதித்துக் கண்ணாடி விற்றவர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'ரூல்ஸ்' என்றால் ஆட்டோ நேராக அவர் கடை வாசலில் போய் நிற்கும்.

நம் ஜனங்களுக்குக் கண்ணைப் பார்க்கிறவரெல்லாம் டாக்டர்தான். கண் சிவந்தால் அவரிடம் வந்து சொட்டு மருந்து கேட்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் தரத் தனக்கு உரிமை கிடையாது என்று சொல்லிச் சொல்லி அலுத்தவர், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையைத் தானே எழுதி மாட்டிவிட்டார். உச்சியில் பூசணிக்காய் அளவு எழுத்தில் 'நான் டாக்டர் இல்லை'. அதன்கீழ் சற்றுச் சிறிதாக 'சீட்டு இல்லாமல் மருந்து தரமாட்டேன்'. கடைசி வரி பொடி எழுத்தில், 'தந்தால் முதலில் உங்கள் கண் போகும், அப்புறம் என் கடை போகும்'. மருந்து கேட்கிற எவரும் அதை உரக்கப் படித்தாக வேண்டும்.

ஒருமுறை கட்சிப் பிரமுகர் ஒருவர் பரிவாரத்தோடு வந்தார். அவரையும் உட்காரவைத்துப் படிக்கவிட்டார். மேடைக் குரலில் அவர் படித்து முடித்ததும், கூட வந்தவர்கள் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, என் முறை வந்தது. அரியாங்குப்பம் பாலத்தில் வைக்கோல் லாரிக்குப் பின்னால் பைக்கில் வந்ததில் வலது கண்ணில் என்னவோ விழுந்து, நாலு நாளாகச் சிவந்து கிடந்தது. ஆபீஸ் நண்பர் ஒரு சொட்டு மருந்தின் பெயரை எழுதித் தந்தார். ஒரே நாளில் சிவப்பு போய்விடுமாம். ரூல்ஸ் ஒரு வார்த்தை சொன்னால் பக்கத்து மெடிக்கலில் தருவார்கள். மனுஷன் சொல்வாரா? பலகையைக் காட்டினார். எரிச்சலோடு இடது கண்ணால் கடகடவென்று ஒப்பித்தேன். இடது கண்ணை மூடச் சொல்லி வலது கண்ணுக்கு மாற்றினார். பூசணிக்காய் எழுத்தே தெரியவில்லை.

"எத்தினி நாளா இப்படி?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் கடையைப் பூட்டினார். அவருடைய மொபெட்டில் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண் போகிற அவசரத்திலும் ஒவ்வொரு சிக்னலிலும் நின்ற மனிதரைப் பின்னாலிருந்து நான் மனசுக்குள் திட்டாத திட்டில்லை.

கருவிழியில் புண் என்றார் டாக்டர். நண்பர் எழுதித் தந்த துண்டுக் காகிதத்தைக் காட்டினேன்.

"இத ஊத்தியிருந்தா கண்ணு போயிருக்கும்."

உடனே சேர்க்க வேண்டும், நெருங்கின சொந்தம் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மனைவி பிரசவத்துக்கு விழுப்புரம் போயிருந்தாள். கூடப்பிறந்தவர் என்று எனக்கு யாரும் கிடையாது.

ரூல்ஸ் பேனாவை வாங்கினார். 'உறவுமுறை' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, எந்தப் படிவத்திலும் ஒரு பொய் எழுதியறியாத அந்த மனிதர், 'அண்ணன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கண் பிழைத்தது. அவர் எழுதிய அந்த 'அண்ணன்' என்ற உறவை மட்டும் நான் இன்றுவரை திருத்தவில்லை.