ஆம்புலன்ஸில் வந்த சைக்கிள்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அந்த அனைவரில் நானும் சேர்த்தி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று உன் அக்கா போனில் அழுததாகவும், நீ பதினைந்தாம் தேதி புறப்பட லீவு போட்டுவிட்டதாகவும் அறிந்தேன். அந்த லீவை ரத்து செய். எனக்கு ஒரு கேடும் இல்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்கிறது. போனில் சொல்லலாமென்றால் உன் அம்மா கட்டிலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். அவள் கண்ணயரும் நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ரிட்டயரானவன் சும்மா இருக்காமல், அறுபத்துநாலு வயதிலும் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பேன் என்று பழைய ஆபீஸ்காரர்களிடம் ஜம்பம் அடித்தேன். "வயசுக்குத் தக்க இருங்க"ன்னு உன் அம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டா. கேட்டேனா? போனேன், டீ குடிச்சேன், திரும்பும்போது பாதி வழியில செயின் அறுந்துபோச்சு. மூணு மணி நேரம் வெயில்ல தள்ளிக்கிட்டே வந்தேன்டா. கைகாட்டினா ஒரு வண்டி நிக்கல. கடைசியில நின்னது ஒரு ஆம்புலன்ஸ். நோயாளியை இறக்கி விட்டுட்டுக் காலியா வருது. "ஏறுங்க ஐயா, முன்சீட்டுல சிலிண்டர் இருக்கு, பின்னாடி படுத்துக்குங்க"ன்னார் டிரைவர். ஒரு பக்கம் சைக்கிள், இன்னொரு பக்கம் ஸ்ட்ரெச்சர்ல நான். வீட்டுக்கு வழி சொல்லிட்டு அசந்து தூங்கிட்டேன்.

கண் முழிச்சா நம்ம வாசல். தெருவே கூடி நிக்குது. உன் அம்மா என் காலைப் பிடிச்சுக்கிட்டு, "நான் வாய் வெச்சதாலதான் இப்படி ஆயிடுச்சு, எழுந்திருங்க, இனிமே ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்"னு அழறா. அந்த நேரத்துல எழுந்து உக்காந்து, செயின் அறுந்துபோச்சுன்னு எப்படிச் சொல்றது? கண்ணை மறுபடி மூடிக்கிட்டேன். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் நாடி பாத்துட்டு, "மயக்கந்தான்"னார். நாலு பேர் தூக்கிட்டுப் போய்க் கட்டில்ல போட்டாங்க. "பெரியவர் நல்லாத்தானே ஏறினாரு"ன்னு டிரைவர் சொன்னதை யாரும் காதுல வாங்கல. இன்னியோட நாலு நாள். உன் அம்மா கரண்டியில ஊட்டிவிடறா, நானும் வாயைத் திறக்கறேன்.

லீவு செக்‌ஷன்ல முப்பது வருஷம் இருந்தவன் நான். காய்ச்சல்னு பொய் எழுதிக் கொடுத்தவங்களை வீடு தேடிப் போய்ப் பிடிச்சேன். கால்ல கட்டோட மாடி ஏறின ஒருத்தருக்கு மெமோ கொடுத்தேன். அவர் இப்ப இந்தக் கட்டில் பக்கம் வந்தா நான் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?

மூன்று வருஷமாகக் கிடைக்காத லீவு. என் பொய்க்காக அதை வீணாக்காதே. அம்மாவிடம் நாளைக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அப்பனைப் போல் வீம்புக்குச் சைக்கிள் ஏறாமல் நூறாண்டு நன்றாக இருக்க ஆசிகள்.

இப்படிக்கு,
படுத்திருக்கும் உன் அப்பா.

பி.கு.: கடிதத்தை மடித்து, தபாலில் சேர்க்க மருந்துக்கடைக்காரரைக் கூப்பிடலாமென்று ஜன்னல் வழியே பார்த்தேன். உன் அம்மா உன் அறை மெத்தையை வெயிலில் போட்டு மூன்று வருஷத் தூசியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். தட்டிக்கொண்டே ஏதோ பாட்டு வேறு. ஆகவே இதை அனுப்பப் போவதில்லை. நீ வா. வரும்போது நான் படுத்தே இருப்பேன். திரும்பிப் போகும்போது இதை உன் பையில் வைக்கிறேன், ரயில் கிளம்பியதும் படித்துவிட்டுத் திட்டு.